அம்மா எட்டிப் பார்க்கும் எடை

பதுளையில் நான் மென்பொருள் எழுதும் அலுவலகத்தில், தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் செயலியைத் திங்கட்கிழமைக்குள் மாற்றியமைக்கச் சொன்னார்கள்.

"நேரமில்ல. எடை, நிறுக்கிற கணக்கப்பிள்ளையோட போன்ல தெரிஞ்சா போதும். கொழுந்து எடுக்கிறவங்க பாக்கிற ஸ்கிரீன தூக்கிருங்க," என்றார் முகாமையாளர்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் என் அம்மா, எடையை எட்டிப் பார்க்காமல் தராசை விட்டு நகர்ந்ததே இல்லை. கணக்கப்பிள்ளை அதட்டினால், "நான் எடுத்த கொழுந்த நான் பாக்காம வேற யாரு பாக்கிறது?" என்பார்.

"தூக்க மாட்டேன் சேர்," என்றேன்.

"அப்ப வேற ஆளப் பாக்கணும்."

"பாருங்க."

சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தேன். அந்த ஸ்கிரீனில் எடையை முன்பைவிடப் பெரிதாகப் போட்டிருந்தேன். அதைத் தூக்க இந்த முறை அவருக்குத்தான் நேரமில்லை.

அவர் இன்றும் எனக்கு முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அம்மாவின் தோட்டத்திலும் இப்போது அந்தச் செயலிதான். அம்மா எட்டிப் பார்ப்பதில்லை. நின்ற இடத்திலிருந்தே எடை தெரிகிறது.