எண்பத்து மூன்றில் உபைத்

கணினியைக் கண்டால் உபைத் முதலில் அதன் மூடியைக் கழற்றுகிறான். மூடி மேசைக்கடியில் போகும். திறந்த வயிற்றுக்கு நேராக ஒரு டேபிள் ஃபேன் வந்து நிற்கும். தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால், அவன் வேலை பார்க்கும் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் நான்கு கணினிகளும் இப்படித்தான் காற்று வாங்குகின்றன. வாடிக்கையாளர்களுக்கு விசிறி கிடையாது.

"இது மேல நூத்தி அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸ்னு எவனோ எழுதிக்கீறான்," என்று ப்ராசஸரின் தூசியை ஊதுகிறான். "எழுதிட்டா அவ்ளோதானா? எவ்ளோ ஓடும்னு இதையே கேட்டுப் பாக்கலாம், நைனா."

கேட்கும் வழி எளிது. மதர்போர்டில் ஜம்பர் என்று கடுகளவு பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது. ட்வீசரால் அதைப் பிடுங்கி வேறு ஊசிகளில் செருகினால் போர்டின் துடிப்பு ஏறும். ப்ராசஸரும் வேகம் பிடிக்கும். கூடாது என்கிறது கம்பெனி புத்தகம். அந்தப் பக்கத்தின் மேல்தான் உபைத் டீ கிளாஸை வைக்கிறான். ராயப்பேட்டையில், வீட்டுத் தையல் மெஷினுக்கும் பெரிய மோட்டார் மாட்டியிருக்கிறான். "இது துணிய தைக்குதா, தொரத்துதா?" என்று கேட்கிறார் அவன் அம்மா அஃப்சருன்னிசா.

பிறக்கும்போதே நெற்றியில் ஓர் எண்ணை எழுதி, இதற்கு மேல் ஓடாதே என்றால் நம்ப மறுப்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

சென்ற மாதம் தேவானை இங்கே தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார். கணவரை இழந்தவர். அவர் அடித்ததில் பிழை தேடினால் நமக்குத்தான் கண் வலிக்கும். இருப்பதிலேயே கிழட்டுக் கணினியை அவருக்குக் கொடுத்தார்கள். "அக்காவுக்கு மட்டும் ஆமையா?" என்று உபைத் அதன் போர்டின் துடிப்பை அறுபத்தாறிலிருந்து எண்பத்து மூன்றுக்கு ஏற்றினான். வேறு எந்தக் கணினியையும் அவ்வளவு ஏற்றியதில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

அன்றிலிருந்து தேவானை அனுப்பிய பத்திரிகைகள் கெட்டன. அவர் திரையில் ஒழுங்காக இருக்கும். கேபிள் வழியே பிரிண்டர் கணினிக்குப் போனதும் மணமகன் பெயர் பாதியில் அறுந்து, மிச்சம் கட்டம் கட்டமாக நிற்கும். காரணத்தை அச்சகம் உடனே கண்டுபிடித்துவிட்டது: கை ராசி.

"யாரையும் குத்தம் சொல்லலேம்மா," என்றார் முதலாளி பத்ரிநாராயணன். "கல்யாணக் காரியம் பாரு. நீ உள்ளே உக்காந்து கவர் ஒட்டேன்." குரலில் கருணைகூட இருந்தது. அந்தக் கருணையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உபைத் எழுந்து முன்னால் வந்தான். "தப்பு என்னுது, ஸார். நாந்தான் ஸ்பீடு ஏத்தினேன். கேபிள் சொருகுற நெட்வொர்க் கார்டுக்கும் துடிப்பு அதே போர்டுலேர்ந்துதான் வருது. ப்ராசஸர் தாங்குது, கார்டு தாங்கல. எழுத்த கீழ போட்டுக்கினே ஓடுது."

கணினியை அணைத்து, வேகத்தை இறக்கினான். தேவானை மறுபடி அனுப்பினார். பத்திரிகை முழுசாக வந்தது.

"சரி, மெஷின் கோளாறு. இருந்தாலும் அவங்க இங்கே வேண்டாம்ப்பா. நாலு பேர் வந்து போற இடம்."

குற்றம் பொய்யென்று தெரிந்த பிறகும் தண்டனை அப்படியே இருந்தது. நம் நாட்டில் இது புதிதல்ல. உபைத்துக்கு அது புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள மறுத்தான். கணினியை மறுபடி அணைத்து, ஜம்பரை எண்பத்து மூன்றுக்கே ஏற்றினான். நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உங்க கை ராசியான கைதானே, ஸார்? நீங்க அனுப்புங்க."

"என்னடா விளையாட்டு இது?"

"நல்ல நேரம் பாத்துக்கினு அனுப்புங்க."

கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்ரிநாராயணனால் மறுக்க முடியவில்லை. உட்கார்ந்து, அதே பத்திரிகையை அனுப்பினார். பிரிண்டர் தாளைத் துப்பியது. மணமகன் பெயரில் பாதி இல்லை, மிச்சமெல்லாம் கட்டங்கள்.

வரிசையில் நின்ற பெண் வீட்டுக்காரர் ஒருவர் தாளை எட்டிப் பார்த்தார். "ஐயையோ, இது யார் கை சார்?"

 பத்ரிநாராயணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். உபைத் கணினியை அணைத்துவிட்டு ட்வீசரை நீட்டினான். முதலாளி தனக்கென்று நினைத்துக் கையை நீட்டினார். அது அவரைத் தாண்டிப் போனது.

"நீயே எறக்குக்கா."

தேவானை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லோரும் பார்க்க, கணினிக்குள் கையை விட்டார். உபைத் குனிந்து அவருக்கு டார்ச் அடித்தான்.