கியர் போடத் தெரியாதவள்

மெத்தை டெலிவரி செய்யும் அந்த மனிதருக்கு உலகத்தில் தெரியாத விஷயமே கிடையாது, சொந்த வேனைத் தவிர. இதை அவருடைய மனைவி கண்டுபிடிப்பதற்குள் லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தாள்.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலை அவளுக்கு. பரிசோதனைக்கூடத்தில் புதிதாகக் கார் வாங்கியிருந்தார்கள். லைசென்ஸோடு வந்தால் காரும் அவளுக்கு, நிரந்தர வேலையும் அவளுக்கு. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆள்.

"டிரைவிங் ஸ்கூல் எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று அவரே வாத்தியார் ஆனார்.

இரண்டாவது கியருக்குத் தள்ளினால் வேன் நறநறவென்று பல்லைக் கடிக்கும். "உனக்குக் கை சரியில்ல. மாவு பிசையிற மாதிரி புடிக்கிற" என்பார். மூன்றாவதில் போட்டால் கொஞ்ச தூரத்தில் லிவர் தானாகவே நியூட்ரலுக்குத் துள்ளிவிடும். அதுவும் அவள் அழுத்திப் போடாததால்தான். அவர் ஓட்டும்போது மட்டும் ஏன் முழங்காலால் லிவருக்கு முட்டுக் கொடுக்கிறார் என்று கேட்டாள். "அதெல்லாம் அனுபவம்" என்றார். என்ன அனுபவமோ, முழங்கால் காய்த்துப் போயிருந்தது.

வேன் நிற்கும் இடத்தில் கெட்டி எண்ணெய் கறுப்பாகத் தேங்கியிருக்கும். எதிர்வீட்டுக்காரனின் வண்டிதான் ஒழுகுகிறது என்று சண்டைக்குப் போனார். எதிர்வீட்டுக்காரனிடம் இருந்தது சைக்கிள். மேடு ஏறினால் கருகல் வாடை அடிக்கும். எவனோ குப்பை கொளுத்துகிறானாம். இவர் போகிற ரோட்டிலெல்லாம் எவனோ ஒருவன் குப்பை கொளுத்திக்கொண்டே இருந்தான். சும்மா நிற்கும்போது உள்ளிருந்து ஓர் ஊளைச் சத்தம் வரும், க்ளட்சை மிதித்தால் அடங்கும். அதனால் சிக்னலில் மிதித்தபடியே நிற்பார், வியாதியைக் குணப்படுத்திவிட்ட டாக்டர் மாதிரி.

இத்தனையையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் இவளுக்குச் சந்தேகம் வந்ததா என்றால், வந்தது, தன் கைமேல். துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் கியர் மாற்றிப் பழகினாள். இவளை என்னவென்று சொல்வது.

மூன்றாவது டெஸ்டுக்கு அவர்தான் வேனை ஓட்டி வந்தார். டெஸ்ட் மைதானத்தின் வாசலில் அது உட்கார்ந்துவிட்டது. லிவர் நாலா பக்கமும் போனது, வேன் ஒரு பக்கமும் போகவில்லை.

"பாத்தியா, கடைசியில கியர்பாக்ஸையே உடைச்சிட்ட" என்றார் அவளிடம்.

அவளுக்கு அழுகை முட்டியது. வேலை போயிற்று என்றே நினைத்தாள். துணைக்குத் தன் காரில் பின்னாலேயே வந்திருந்த அவள் தம்பி சாவியை நீட்டினான். "எங்காரை எடுத்துட்டுப் போ அக்கா. உன் பேரைக் கூப்பிடுறாங்க."

காரை நகர்த்தி இரண்டாவது கியருக்கு மாற்றினாள். கார் போய்க்கொண்டிருந்தது. அவளோ குனிந்து லிவரையே பார்த்தாள்.

"ரோட்டைப் பாருங்கம்மா. கீழ என்ன தேடுறீங்க?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் எடுத்த இன்ஸ்பெக்டர்.

"கியர் விழலையோன்னு பாத்தேன் சார். சத்தமே வரலை."

"கியர் போட்டா எதுக்கும்மா சத்தம் வரணும்?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மீதி டெஸ்ட் முழுவதையும் அந்தக் கோபத்திலேயே ஓட்டினாள். பாஸ் என்றார்கள். சந்தோஷப்படக்கூட அவளுக்கு நேரமில்லை.

"அந்தக் கார்ல கியர் சத்தமே போடலைங்க" என்றாள் வெளியே வந்து.

"சின்னக் காரை யாரு வேணாலும் ஓட்டலாம். அதுவும் நான் குடுத்த பயிற்சி" என்றார் வாத்தியார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

வேனைக் கயிறு கட்டிக் காரால் இழுத்துப் போக வேண்டியதாயிற்று. அவர் உரிமையோடு கையை நீட்டினார். "சாவியைக் குடு. வண்டியை இழுக்கிறது அனுபவம் உள்ளவன் செய்யிற வேலை. நீ வேன்ல உக்காந்து ஸ்டியரிங்கை மட்டும் புடி."

அவள் சாவியைத் தரவில்லை. தம்பியைப் பக்கத்துச் சீட்டில் ஏறச் சொல்லிவிட்டு, தான் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"வேன்ல நீங்க உக்காருங்க" என்றாள். "அதுலதான் இனிமே கியர் போடுற வேலையே இல்ல."