வடை தின்ற ரக்கூனும் மேசையில் ஏறிய வீரனும்

நாற்பத்தைந்து வயதில், பன்னிரண்டு பையன்களுக்கு முன்னால், மேசையில் ஏறி நின்று "ஐயோ" என்று கத்தியவன் நான். அதுவும் வீரத்தைப் பற்றி வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது.

1987ஆம் ஆண்டு, ரொறன்ரோவில் பனி கரையத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலை. போருக்குத் தப்பி ஊரிலிருந்து வந்த எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தைத் தந்திருந்தார்கள். தமிழ் படிப்பிக்க ஒரு ரீச்சர் இருந்தார். எனக்கு எழுத்துப்பிழை அதிகம் என்பதால், பையன்களுக்கு நல்ல புத்தி சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

பையன்கள் இங்குள்ள இங்கிலிசுப் பள்ளிக்கூடத்தில் பயந்து ஒடுங்கிப் போயிருந்தார்கள். அவர்களுக்குத் தைரியம் ஊட்ட எனக்கொரு வழி தோன்றியது. நான் வேலை செய்த பெட்டித் தொழிற்சாலையில் என்னோடு ஒரே மெஷினில் நின்றவர் கென்யாக்காரர், மசாய் இனத்தவர். முந்தின கிழமை வகுப்பிலேயே பையன்களிடம் அளந்துவிட்டேன்: "மசாய் வீரன் தனியப் போய்ச் சிங்கத்தைக் கொல்லுவான். அவன் நடுங்கவே மாட்டான். நடுங்கிறவன் வீரனில்லை." எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். வாய்க்கு வந்தது.

அன்று நான் கூப்பிட்டு அந்தக் கென்யா நண்பர் வகுப்புக்கு வந்தார். சிவப்புப் போர்வையும் ஈட்டியுமாக வருவார் என்று காத்திருந்த பையன்களுக்கு முன்னால், கழுத்தில் ரையும் காலில் பனிச் சப்பாத்துமாக வந்து நின்றார்.

"அங்கிள், இவர் பாங்க் மனேஜர் மாதிரியல்லோ இருக்கிறார்!"

மானத்தைக் காப்பாற்ற என்னிடம் ஈட்டிகள் இருந்தன. கூட்டுகிற தும்புத்தடிகளில் வெள்ளித்தாள் சுற்றிச் சாமான் அறையில் வைத்திருந்தேன். நாட்டுக்கு வந்து மூன்று கிழமையே ஆன ஒன்பது வயதுப் பையன் ஒருவனை எடுத்து வர அனுப்பினேன். வாய் திறக்காத பிள்ளை, இங்கிலிசும் தெரியாது.

போனவன் திரும்பவில்லை. போய்க் கதவைத் திறந்தேன். அறையின் நடுவில், ரீச்சர் கொண்டுவந்த வடைப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு ஒரு ரக்கூன் இருந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு, கொழுத்த பூனையைப் போல இரண்டு மடங்கு பருமன். என்னைக் கண்டதும் சீறியது. அதற்குப் பின்னால், மூலையில், அந்தப் பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் நான் பின்வாங்கி, வாசலோரம் கிடந்த மேசையில் ஏறினேன்.

நண்பர் எட்டிப் பார்த்தார். "சிங்கத்தை எனக்குத் தெரியும். இதைத் தெரியாது" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, கத்தாமல் கீழே இறங்கு, பையனுக்கு என் மொழி விளங்காது, நீதான் சொல்லவேண்டும் என்றார்.

இறங்கினேன். வேறு வழியில்லை. வாசலில் நின்று அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"ஓடாத. அதின்ர கண்ணைப் பாக்காத. சுவரோட சாஞ்சபடி ஒரு அடி வை."

பையன் அசையவில்லை. "கால் நடுங்குது அங்கிள்" என்றான். அதைச் சொல்ல அவனுக்கு வெட்கம். நடுங்கிறவன் வீரனில்லை என்று சொன்னவன் நானல்லவா.

நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நடுங்கட்டும், நாங்களும் நடுங்கினோம், சிங்கத்திடம் யாரும் தனியாகப் போனதில்லை, பெரியவர்கள் கடவுளை வேண்டி எங்களை ஆசீர்வதித்துத்தான் அனுப்புவார்கள், நடுங்கிக்கொண்டே போனோம் என்றார். அவனுடைய கடவுளைக் கூப்பிடச் சொல் என்றார்.

"தம்பி, சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு வா."

"எந்தச் சாமியை அங்கிள்?"

"ஆர் கிட்ட நிக்கினமோ அவையைக் கூப்பிடு!"

பின்னால் நின்ற பையன்கள் ஆளுக்கொரு சாமியைக் கூப்பிடத் தொடங்கினார்கள். பிள்ளையார், முருகன், அம்மாளாச்சி. ஒருவன் இடம் பார்த்து யேசுவையும் சேர்த்துக்கொண்டான். அந்தப் பெயர்களுக்கு நடுவே பையன் ஓர் அடி வைத்தான். பிறகு இன்னோர் அடி. ரக்கூன் தலையைத் தூக்கியது. அது அடுத்த வடையை எடுத்தது. ஏழாவது அடியில் என் கை அவன் கையைப் பிடித்தது. அப்படியே அவனை வெளியே இழுத்தேன்.

கதவைச் சாத்தினோம். ரக்கூன், தான் வந்த திறந்த யன்னல் வழியே, வடை முடிந்த பிறகு, தன் பாட்டில் போயிற்று. ஈட்டிகளை யாரும் தொடவேயில்லை.

அதற்குப் பிறகு தைரியத்தைப் பற்றி யாருக்கும் புத்தி சொல்ல வாய் திறந்தால், முதலில் அந்த மேசைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அன்று வகுப்பு முடிந்து அந்தப் பையனுக்கு ஜக்கெற் மாட்டிவிட்டபோது, நன்றி சொல்லப்போகிறான் என்று குனிந்து காத்திருந்தேன். அவன் என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னான்:

"போன கிழமை நீங்கள் சொன்னது பொய் அங்கிள். ஊரில இருந்து வள்ளத்தில இந்தியாவுக்கு வரேக்க எங்கட அப்பா முழுக்க நடுங்கிக்கொண்டுதான் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்."