பக்கத்து வீட்டுக் குளிர்

எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் மலர்க்கொடிக்கு இந்தக் கோடையில் கேட்கவே பிடிக்காத சத்தம், பக்கத்து வீட்டு ரமாபாயின் ஏசி சத்தம். இருவரும் ஒரே கம்பெனியில் மீன் பேக்கிங் செய்கிறவர்கள். ஒரே லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு இங்கே குடிவந்தவர்கள். அப்படியிருக்க ரமாபாய்க்கு மட்டும் தரையில் டைல்ஸ், சுவரில் ஏசி என்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது மலர்க்கொடியின் சொந்த அக்காதான். மூலக்கொத்தளத்திலிருந்து தங்கையைப் பார்க்க வந்தவள், ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு நேராக ரமாபாய் வீட்டில் போய்ப் படுத்தாள். சாயங்காலம்தான் எழுந்து வந்தாள். “இன்னா ஜில்லுனு கீதுடி அவ வூடு! அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரேன்” என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். யாரைப் பார்க்க வருகிறாளாம்?

அந்த ஞாயிற்றுக்குள் தன் வீட்டிலும் ஏசி ஓடியாக வேண்டும். மலர்க்கொடி புருஷனை நச்சரித்து, யாரோ கழற்றிப்போட்ட பழைய ஜன்னல் ஏசி ஒன்றைக் கொண்டுவர வைத்தாள். வராந்தா பக்கத்து ஜன்னலில், அதன் இரும்புக் கம்பிகளில் உடம்பு படும்படி ஏசி உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும், கரண்ட் கசிந்தால் தானே அணைந்துகொள்ளும் டிரிப்பர் விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் போயிற்று. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுந்தது.

எலக்ட்ரீஷியன் அமீர் வந்து பார்த்தான்.

“ஏசி பாடில கரண்ட் லீக்காவுதுக்கா. அதான் வுழுது. வுழுறது நல்லதுதான். உங்க வூட்ல எர்த்தும் சரியில்ல. மெஷினை ரிப்பேருக்கு குடுங்க. கீழ மீட்டர்லருந்து தனி லைனு இழுக்கணும். ஒரு வாரம் ஆவும்.”

“அவ வூட்ல மட்டும் வுழ மாட்டேங்குது?”

“அந்தக்கா லைனு, எர்த்து எல்லாம் போட்டுகினு அப்புறம்தானே ஏசி மாட்னாங்க.”

அதைக் கேட்டதும் அமீரையும் பிடிக்காமல் போயிற்று. டீ கூடக் கொடுக்காமல் அவனை அனுப்பிவிட்டு, தம்பி ஜெயவேலைக் கூப்பிட்டாள். ஜெயவேல் டோல்கேட் பக்கம் திருவிழாக்களுக்கு சீரியல் லைட் கட்டுகிறவன். பந்தலில் டிரிப்பரை எல்லாம் யார் பார்க்கிறார்கள்? அதே கை வீட்டிலும் வேலை செய்தது. டிரிப்பரைத் தாண்டி வயரை இணைத்துவிட்டு, “டைரக்டா குட்த்துட்டேங்கா, இனிமே வுழாது” என்று சொல்லிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஏசி ஓடியது. வாசல் கதவைத் திறந்தே வைத்தாள். குளிர் போனால் போகட்டும், ரமாபாய்க்குத் தெரிய வேண்டாமா? காலையில் ஜன்னல் கம்பியைத் துடைத்தபோது விரலில் சுர்ரென்றது. கையை உதறிக்கொண்டாள். வெளியே சொன்னால், ஓட்டை ஏசி என்று ரமாபாய் சிரிப்பாளே. சொல்லவில்லை.

அக்கா வந்தாள். வந்தவள் இந்த வீட்டிலேயே படுத்தாள். மலர்க்கொடிக்கு அதைவிடப் பெரிய வெற்றி வாழ்க்கையில் இல்லை.

அப்போது ரமாபாய் ஈரத்துணி வாளியோடு வராந்தாவுக்கு வந்தாள். துணி காயப்போடும் இரும்புக் கம்பி இரண்டு வீட்டுக்கும் பொது. அதன் ஒரு முனையை மலர்க்கொடி வீட்டு ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருந்தார்கள். ரமாபாயின் முகம் போகிற போக்கைப் பார்க்க மலர்க்கொடி வாசலுக்கு வந்தாள்.

“ஏசி போட்டியாடி? நல்லாக்கீது” என்று ரமாபாய் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஈரப் புடவையை உதறி, கம்பியை நோக்கிக் கையைத் தூக்கினாள்.

காலையில் விரலில் அடித்தது மலர்க்கொடிக்கு நினைவு வந்தது. சொன்னால் மானம் போகுமே என்று ஒரு கணம் வாயை மூடிக்கொண்டாள். அதற்குள் ரமாபாயின் கை கம்பியோடு ஒட்டிக்கொண்டது. மலர்க்கொடி அலறிக்கொண்டு உள்ளே ஓடி மெயின் சுவிட்சை இறக்கினாள். ரமாபாய் வாளியோடு விழுந்தாள்.

ரமாபாய் உயிர் பிழைத்தாள். மறுநாள் மத்தியானம் உள்ளங்கையில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். மலர்க்கொடி அவள் வாசலில் போய் நின்றாள்.

“கம்பில ஷாக் அடிக்குதுன்னு எனக்குக் காலைலயே தெரியும்டி. நீ சிரிப்பேன்னு சொல்லல.”

ரமாபாய் கட்டுப் போட்ட கையை அவள் முன்னால் நீட்டினாள்.

“நான் செத்திருந்தா?”

மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரி, வெயில்ல நிக்காத. உள்ள வந்து உக்காரு” என்று ரமாபாய் பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

மலர்க்கொடி உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். குற்ற உணர்ச்சி என்று ரமாபாய் நினைத்துக்கொண்டாள். பாதி அதுதான். இப்படி ஒரு மனசும் இவளுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்ற பொறாமை மீதிப் பாதி.