மலையைத்தான் துடைக்க வேண்டுமாம்

மொட்டை மாடியில் நின்றால் மருதமலை தெரிகிறதா என்று பார்ப்பதுதான் எனக்குக் கண் பரிசோதனை. நாலைந்து நாளாக மலை மங்கல். இன்று காலை கண்ணாடிக் கடைக்கே போய்விட்டேன்.

கடைக்கார பாய் கடைசி வரி வரைக்கும் படிக்க வைத்துவிட்டுச் சிரித்தார். "கண்ணு நல்லாத்தானுங்கண்ணா இருக்குது. மலையத்தான் தொடைக்கோணும்."

வீட்டில் சொன்னால் மகளும் சிரிக்கிறாள். நாளைக்கு அவளுக்குக் கல்லூரியில் புராஜெக்ட் வைவா. "யாருக்கும் புரியற மாதிரி சொல்லலைன்னா மார்க் போயிருமுங்கப்பா" என்று ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாதவள்.

"அது காத்துல இருக்கற தூசியும் புகையுமுங்கப்பா. என் புராஜெக்டே அதுதான். வானிலை சேட்டிலைட் எப்பவும் நம்ம பக்கத்தையே பார்த்துப் படம் எடுக்கும். அதுல தெளிவா இருந்த நாளோட படத்தை வெச்சுக்கிட்டு, இன்னைக்குப் படத்துல கூடுதலா என்ன வெளுப்பு தெரியுதுன்னு பார்ப்போம். அதை வெச்சுத் தூசியைக் கணக்குப் போடுவோம்."

எட்டாவதோடு நின்ற மூளை மெதுவாகத்தான் ஓடியது.

"உங்கம்மா என் சட்டையைப் பார்க்கற மாதிரியா கண்ணு? தொவைச்சப்ப எப்படி இருந்துச்சுன்னு மனசுல வெச்சிருப்பா. சாயங்காலம் கூடுதலா இருக்கறதெல்லாம் கறை."

மகள் துள்ளிவிட்டாள். "அதேதானுங்கப்பா! ஆனா மேகம் மறைச்சா மட்டும் சேட்டிலைட்டுக்குத் தூசி தெரியாது."

"எனக்கு எது மறைச்சாலும் கறை தெரியுமுங்க," என்றாள் சமையலறையிலிருந்து வீட்டுக்காரி.

"அப்பா, இந்தச் சட்டைக் கதையை நாளைக்குச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே மகள் மூன்றாவது தோசையை எடுத்தாள்.

"தாராளமா சொல்லு கண்ணு," என்றேன்.

'எங்கப்பா சொன்னதுன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோ' என்பதை மட்டும் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா, இல்லையா?