அரை மணி நேரத்தில் நின்ற கேமரா

கெட்டிமேளம் ஓய்ந்த பிறகுதான் கேமராவின் திரையைப் பார்த்தேன். மூலையில் இருக்க வேண்டிய சிவப்புப் புள்ளியைக் காணோம். ரெக்கார்டிங் தானாக நின்றுபோயிருந்தது. அட்சதை போட எழுந்த கூட்டம் இடித்துவிடாமல் இரண்டு கையாலும் ட்ரைபாடைப் பிடித்துக்கொண்டு, மணவறையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். தாலி கட்டியது பதிவாகவில்லை.

சிடாம் கிரி என்ற ஊர்ப் பக்கம் ஒரு கோயில் மண்டபம். மணப்பெண் கலையரசி. அவள் அம்மா பாக்கியம் அக்கா எங்கள் வட்டாரத்தில் பேர்போன தையல்காரர். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். முகூர்த்தத்தை மாற்ற வேண்டாம் என்று அவரேதான் சொன்னார். பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, மத்ததெல்லாம் எப்படி எடுத்தாலும் பரவால்லலா. தாலி கட்டுறத மட்டும் விட்டுடாதப்பா. எனக்கு அது ஒன்னு போதும்.”

“கவலைய விடுங்கக்கா. புது கேமரா வாங்கியிருக்கேன். சினிமா மாதிரி வரும் பாருங்க,” என்று அளந்துவிட்டு வந்தேன்.

சினிமா மாதிரிதான் வந்தது. கடையில் அந்தக் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்ததும், முன்னால் இருப்பவர் முகம் தெளிவாகவும் பின்னால் எல்லாம் மங்கலாகவும் தெரிய, மயங்கிவிட்டேன். எத்தனை நேரம் விடாமல் ஓடும் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் தோளில் டேப் கேமரா தூக்கிப் பழகியவன். ஒரு டேப் என்றால் ஒரு மணி நேரம். பெண்ணை மணவறைக்கு அழைத்து வரும்போது அழுத்தினால் தாலி கட்டி முடியும்வரை தொடவே வேண்டாம். அந்தக் கனத்தையும், டேப் உள்ளே போய் உட்காரும் சத்தத்தையும் நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. புதுக் கேமரா அரை மணி நேரத்தில் தானே நின்றுவிடும் என்று கையேட்டில் போட்டிருந்ததாம். அதை யார் படித்தார்கள்?

பெண்ணின் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன்.

“என்னாப்பா சொல்ற? தாலிய ரெண்டு தடவ கட்டவா முடியும்?” என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மணவறைக்குப் பின்னால் லைட் பிடித்து நின்ற என் மனைவி தேவி மெல்ல வந்தாள்.

“ஏங்க, என் ஹென்ட்போன்ல கொஞ்சம் இருக்கு.”

“தாலி கட்டுறதயா எடுத்த?”

“இல்லலா, பிளவுஸ. அதே மாதிரி அக்காகிட்ட ஒன்னு தைக்க சொல்லலாம்னு.”

இரண்டு நிமிடம்கூட இல்லை. நெட்டுக்குத்தலாக எடுத்த படம், ஒரே ஆட்டம். நாத்தனார் சடையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். கலையரசியின் முதுகில் பாக்கியம் அக்கா கைவேலை செய்த மயில். அதற்கு மேலே மாப்பிள்ளையின் விரல்கள் முடிச்சுப் போடுகின்றன. மேளச் சத்தம் காதைக் கிழிக்கிறது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் எடிட்டிங்குக்கு உட்கார்ந்தேன். போட்டோக்களை வரிசையாக ஓடவிட்டு, மேலே ஒரு பாட்டைப் போட்டு ஓட்டையை மூடுவது எங்கள் தொழிலில் பழைய வித்தை. அதைத்தான் ஆரம்பித்தேன்.

“அக்கா கேட்டது தாலி கட்டுறத. பாட்டு கேக்கலயே,” என்றாள் தேவி.

போட்டதையெல்லாம் அழித்தேன். இரண்டு பக்கமும் கறுப்பாகவே விட்டு, ஹென்ட்போன் படத்தை அதன் மேளச் சத்தத்தோடு அப்படியே சேர்த்தேன்.

லேப்டாப்பை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். “கேமரா நின்னுபோச்சிக்கா. என் தப்பு,” என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அக்கா சினிமா மாதிரி வந்ததையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டமான படம் வந்ததும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“திரும்ப போடு.”

மூன்று தடவை போட்டேன். மூன்றாவது தடவை போர்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“முன்னாடிலேருந்து பாக்க ஊரே இருந்துச்சி தம்பி. நான் வந்திருந்தா அவளுக்கு பின்னாடிதான் நின்னிருப்பேன்.”

இப்போது ஹென்ட்போனிலேயே எடுத்து, அதிலேயே வெட்டி ஒட்டி, பந்தி முடிவதற்குள் அனுப்பிவிடுகிறார்கள். எது வாங்கலாம் என்று என்னிடமும் கேட்கிறார்கள். படம் எப்படி வரும் என்பதை அப்புறம் பாருங்கள், அது எப்போது நிற்கும் என்று முதலில் கேளுங்கள் என்பேன். முன்னால் எந்தக் கேமராவை வேண்டுமானாலும் வையுங்கள். பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஹென்ட்போன் இருக்கட்டும். அது அம்மா நிற்கிற இடம்.