பழைய ஒப்பந்தம் வேண்டாம்

பேச்சிராஜுக்கு நன்றாக எழுத வரும். அதுவே வினையாகிப் போயிற்று.

தென்காசிப் பக்கத்துக்காரர்கள் எட்டுப் பேர் வல்லக்கோட்டையில் ஒரே அறையில் தங்கி, ஒரகடத்து உதிரிபாகக் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சம்பளம் கொடுப்பது கம்பெனி அல்ல, ஆள் சேர்த்துவிடும் ஏஜென்சி. பதினொரு மாதத்துக்கு ஒரு தடவை ஏஜென்சிக்காரன் டில்லிபாபு அடையாள அட்டையின் தேதியை நீட்டிக் கொடுப்பான். சம்பளம் மட்டும் நீளாது.

எட்டுப் பேரில் டிப்ளமோ படித்தவன் பேச்சிராஜ் ஒருவன்தான். இந்த முறை மனு எழுத உட்கார்ந்தான். முதல் வரியை மூன்று தடவை அடித்துத் திருத்தினான்: ‘பழைய ஒப்பந்தத்தை நீட்டிக்க எங்களுக்குச் சம்மதமில்லை. நாளுக்கு அறுபது ரூபாய் கூட்டிப் புது ஒப்பந்தம் வேண்டும்.’

அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்ட கொம்பையா, எட்டுப் பேரில் மூத்தவர், முப்பத்தாறு வயதுக்காரர், வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“ஏல, கலெக்டருக்கு எழுதுத மாதிரில்லா இருக்கு! கொண்டா, மொதக் கையெழுத்து நான் போடுதேன்.”

டில்லிபாபு பேரமே பேசவில்லை. “அறுவதுதான? குட்த்துடலாம்பா. பழசுலருந்து விலகறோம்னு கையெழுத்து போடுங்க, புச்சா ஜாயினிங் போட்டுக்கலாம்.”

விலகல் கடிதத்தில் எட்டுப் பேரும் கையெழுத்திட்டார்கள். புதுத் தாள்கள் வந்தன. ஏழுதான் இருந்தன.

“கொம்பையா அண்ணன் பேப்பரு?” என்று கேட்டான் பேச்சிராஜ்.

“அவுரு முப்பது தாண்டிட்டாரேப்பா. புது ஆளுக்கு முப்பதுக்குள்ள இருக்கணும்.”

“புது ஆளா? ஏழு வருசமா அதே லைன்ல நிக்காவ சார்!”

“அது பழைய காண்ட்ராக்டு. அது வாணாம்னு நீதான எய்திக் குட்த்த? தேதிய நீட்டிக்கினு போயிருந்தா வயசை எவன் பாக்கப் போறான்?”

பேச்சிராஜ் ஓர் அடி முன்னால் வந்தான்.

“சார், கூட்டினது வேண்டாம். பழையபடியே நீட்டிருங்க.”

“கம்பெனிக்கு மெயிலு போய்ட்ச்சு.”

“என் சம்பளத்துல நூறு கொறச்சுக்கோங்க. அவரை மட்டும் விட்டுறாதீங்க.”

டில்லிபாபு சிரித்துவிட்டான். “இன்னாபா நீ, ஏத்தச் சொல்லி வந்துட்டு எறக்கச் சொல்ற? போடுறியா, வெளிய வேலைக்கு நிக்கிறவனக் கூப்டவா?”

மற்ற ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“போடுல. என் மூஞ்சியப் பாக்காத,” என்றார் கொம்பையா.

போட்டான். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

வெளியே வந்ததும் கொம்பையாவின் போன் அடித்தது. ஊரிலிருந்து மனைவி சந்தனமாரி. காலையிலிருந்து நான்காவது அழைப்பு.

“ஆமா, கூட்டிட்டான். நாளுக்கு அறுவது. நம்ம பேச்சிதான் பேசுனான். வக்கீல் தோத்தான் போ!” சிரித்தபடியே போனை நீட்டினார். “ஒங்க மைனிக்கு ஒங்கிட்ட பேசணுமாம்.”

பேச்சிராஜ் வாங்கிக் காதில் வைத்தான்.

“நல்லா இருப்பீரு தம்பி,” என்றாள் சந்தனமாரி. “பெரியவள நல்ல பள்ளிக்கூடத்துல சேத்துறலாம்னு இப்பத்தான் தைரியம் வந்திருக்கு.”

“சரி மைனி,” என்றான்.